குடிலில் முளைத்த பயறு

சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவிக்காரர் பாஸ் கேட்காத காலம் அது. என் கணவரின் கால் விரலில் மீன் முள் குத்திய காயம் மூன்று மாதமாக ஆறவில்லை. சீனி வருத்தம் கூடிவிட்டது, இரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மருந்தை ஒழுங்காகக் குடித்து, காலையில் பாணுக்குப் பதில் முளைத்த பயறு சாப்பிடச் சொன்னார்கள்.

எனக்கு அது போதும். பயறை ஊறப்போட்டு, வடித்து, பழைய சாரத் துண்டில் கட்டிக் குசினி யன்னலில் தொங்கவிட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் ஊறிய முதல் பயறு முளைக்காமல் நாறிப்போனது. பிறகு, குடிக்கத் தூக்கி வரும் தண்ணீரில்தான் ஊறப்போட்டேன். மறுநாள் துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கவே சந்தோசமாக இருக்கும்.

தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுக் கொடுத்தால் அவர் தொடமாட்டார்.

"சும்மா தா. கரையில போய்த் தின்னுறன்."

மனுசனுக்குப் புத்தி வந்துவிட்டதென்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

எங்கள் வீட்டில் பாலன் யேசுவை வைக்கும் நத்தார்க் குடிலுக்குப் புல் வளர்ப்பது அவர் வேலை. மார்கழி பிறந்ததும் பழைய டின்களில் குரக்கன் விதை தூவி, கவிழ்த்த தோணியின் மறைவில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார். அந்த வருடம் புல் எந்தளவுக்கு வந்திருக்கிறதென்று பார்க்கப் போனேன். ஐந்து டின்னிலும் புல்லே இல்லை. பயற்றங் கன்றுகள், இரண்டிரண்டு இலையோடு, செழித்து நின்றன.

வந்த கோபத்தில் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இதத்தானா நீங்க கரையில தின்னது?"

"எறிய மனம் வரல்ல. பாலன் யேசுவுக்காவது ஆகட்டும் எண்டு..."

"பாலனுக்கா சீனி வருத்தம்?"

அவர் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதத் தின்னத் தொடங்கினா நான் வருத்தக்காரன் எண்டு ஆயிடும்."

அதற்குமேல் எனக்குச் சண்டை பிடிக்க வரவில்லை. அழுகைதான் வந்தது. தை மாதம் விரலை எடுத்தார்கள்.

இப்போது பயறு ஊறப்போடுவது அவர்தான். தண்ணீரையும் அவரே மெல்ல மெல்லத் தூக்கி வருகிறார். போன மார்கழியில், முளைத்ததில் ஒரு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"குடிலுக்குக் கொஞ்சம் தூவட்டா?"

"குடிலுக்குக் குரக்கன் கிடக்கு. அத இஞ்ச, எனக்கு முன்னால தின்னுங்க."

நின்றபடியே, ஒன்றுகூடக் கீழே விழாமல் தின்று முடித்தார்.