மாமன் குந்துனா தண்ணி அடங்கும்

தொண்ணூத்தியொண்ணுல நான் தண்ணி மோட்டார் ஓட்டிக்கினு இருந்தேன். எட்டாங் கிளாஸ்லயே ரெண்டு தபா குந்தி எழுந்தவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். வடக்குப்பட்டு பக்கம் புதுசா வந்த அட்டை கம்பெனிக்கு எங்க ஏரிலேருந்துதான் தண்ணி போவும். காத்தால சுச்ச போடணும், சாயங்காலம் நிறுத்தணும், நடுவுல தூங்கணும். மூணையும் நான் ஒழுங்காத்தான் பண்ணேன், மூணாவத ரொம்பவே ஒழுங்கா.

வேல வாங்கிக் குடுத்தது எங்கம்மா கூடப் பொறந்த மாமன். அதனால என்ன திட்ற உரிமை ரெண்டு பேருக்கு இருந்துச்சி. ஒண்ணு மாமன், இன்னொண்ணு கம்பெனி சூப்பர்வைசர். சூப்பர்வைசருக்கு திருநெல்வேலி பக்கம். அவரு திட்னா பாதி புரியாது, ஆனா கேக்க நல்லா இருக்கும்.

மாமனுக்கு ஏரிக்குக் கீழ, வாய்க்கா போயி முடியற எடத்துல ரெண்டு காணி. சொர்ணவாரிப் போகத்துக்கு நெல்லு நட்டு வெச்சிருந்தாரு. ஏரித் தண்ணி மதகுக்குக் கீழ எறங்கிடுச்சின்னா ஊர்லயே மொதல்ல காயறது அந்த ரெண்டு காணிதான். அதான் கம்பெனிக்காரன் எவ்ளோ எடுக்கறான்னு அளக்க ஊர் கூடி ஒரு ஏற்பாடு பண்ணாங்க. கம்பெனிக்குப் போற சிமிட்டி கால்வா குறுக்க ஒரு இரும்புத் தகடு. தகட்டு நடுவுல சமோசாவ தலகீழா நிறுத்துன மாதிரி ஒரு வெட்டு. தண்ணி அந்த வெட்டு வழியாதான் தாண்டிப் போவணும். அதுக்கு முன்னாடி ஒரு கம்பு, கம்புல ஒரு செவப்புக் கோடு. தண்ணி கோட்டத் தாண்டி ஏறுனா கம்பெனிக்காரன் அதிகமா இஸ்துக்கறான்னு அர்த்தம், ஒடனே மோட்டார நிறுத்தணும். ஊரு சார்பா பாக்கறது மாமன். கம்பெனி சார்பா பாக்கறது சூப்பர்வைசர்.

ஏற்பாடு எல்லாம் சூப்பரு. தண்ணிதான் ஒத்துக்கல. மோட்டார் பைப்புலேருந்து கொட்ற தண்ணி, ஆடி மாசம் சாமி வந்த பொம்பள மாதிரி தலைய விரிச்சிக்கினு ஆடிக்கினே வரும். கம்புகிட்ட வந்தும் ஆட்டம் நிக்காது. ஒரு நிமிசம் கோட்டுக்கு மேல ஒரு சாண், அடுத்த நிமிசம் கீழ ஒரு சாண்.

"டேய், ஏறிச்சி பாரு! நிறுத்துடா மோட்டார!" இது மாமன்.

"எங்க அண்ணாச்சி ஏறிருக்கு? கீழல்லா நிக்கி? எலேய், நிறுத்துன, தொலைச்சிப்புடுவேன்." இது சூப்பர்வைசர்.

மாமன் அல மேல வரும்போது மட்டும் பாப்பாரு. இவரு கீழ போவும்போது மட்டும் பாப்பாரு. ரெண்டு பேருமே பொய் சொல்லல, அதான் கஷ்டமே. தெனம் காத்தால ஒரு மணி நேரம் இந்தக் கூத்துதான். கம்பெனில தண்ணி இல்லாம மிஷின் நிக்கும், மாமனுக்கு வெறும் வயித்துல தொண்ட கட்டும்.

சூப்பர்வைசர் என்ன கூப்டாரு. "எலேய், இந்தத் தண்ணிய எப்பிடியாச்சும் அடக்குல."

"பிராந்தி ஊத்துனா ஆடிட்டு அப்பால படுத்துடும் சார்."

அன்னிக்கு எனக்குப் பாதி நாள் ஆப்செண்ட் போட்டாரு.

சரின்னு எறங்குனேன். எங்க சத்தம் ஜாஸ்தியோ அங்கதான வியாதி? தகட்டத் தாண்டி தண்ணி தொப்புனு வுழுது பாரு, அங்கதான் சத்தம். நாள் பூரா வைக்கோலக் கட்டு கட்டா இஸ்துக்கினு வந்து அந்தக் குழில அடைச்சேன். சத்தம் போச்சி. கம்புகிட்ட மட்டும் தண்ணி அதேதான் குதிக்குது. மாமன் இடுப்புல கை வெச்சிக்கினு, "பேதி இவனுக்கு, மாத்திர பக்கத்து வூட்டுக்காரனுக்கா?"ன்னாரு. அப்பதான் ஒறச்சிது. தகடு தாண்டுன தண்ணிய அடக்கி இன்னா பிரயோசனம்? தாண்டறதுக்கு முன்னாடி இல்ல அடக்கணும்!

மறுநாளு வேலிகாத்தான் முள்ள வெட்டி, கட்டா கட்டி, தகட்டுக்கு முன்னாடியே போட்டேன். ஆட்டம் கொறஞ்சிது. ஆனா எலையும் குச்சியும் உதுந்து போயி வெட்டுல அடைச்சிக்கிச்சி. தண்ணி போவ வழியில்லாம ஏறி, கோட்டையே முழுங்கிடுச்சி. மாமன் குதிக்கறாரு, "பாத்தியா, திருட்டுக் கம்பெனி!" சூப்பர்வைசர் குதிக்கறாரு, "அடைப்புவே, அடைப்பு! ஒம்ம மருமவன் செஞ்ச வேல!" நான் முள்ளு குத்துன காலப் புடிச்சிக்கினு குதிச்சேன். ஆக மொத்தம் மூணு பேரு.

சூப்பர்வைசர் முள்ள தூக்கிப் போடச் சொல்லிட்டு, "மோட்டார போடுல. இனி எவன் சொன்னாலும் நிறுத்தக் கூடாது"ன்னாரு.

மாமன் மூஞ்சி மாறிச்சி. அவரு பயிரு அப்பதான் தூரு கட்டிக்கினு இருந்துச்சி. மதகுலயும் தண்ணி முட்டி அளவுக்கு எறங்கிடுச்சி. சட்டயக் கழட்டி என் தலைல போட்டாரு. வேட்டியோட கால்வாக்குள்ள எறங்கி, பைப்புக்கும் தகட்டுக்கும் நடுவுல, பைப்புக்கு முதுகக் காட்டிக்கினு சட்டமா குந்திட்டாரு.

"இப்ப போட்றா மோட்டார. என்ன இஸ்துக்கினு போயி அட்டை பண்ணட்டும்."

மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கினுதான் இருந்துச்சி. தண்ணி வந்து முதுவுல அறைஞ்சிது. வேட்டி அவுந்து உப்பிக்கிச்சி. மானம் போயிடப் போவுதுன்னு ரெண்டு மொனையையும் ரெண்டு பக்கத்து செவுத்தோட அழுத்திப் புடிச்சிக்கினாரு. அப்பிடியே சூப்பர்வைசரோட தாத்தா வரைக்கும் இஸ்து வெச்சி திட்றாரு.

எனக்குக் கண்ணு கம்பு மேல போச்சி.

"மாமா, கொஞ்சம் வாய மூடு. கம்பப் பாரு."

மாமன் முதுவுல மோதி, வேட்டி வழியா வடிஞ்சி வந்த தண்ணி, குண்டான்ல வெச்ச பாலு மாதிரி அசையாம நிக்குது. நின்ன எடம் செவப்புக் கோட்டுக்கு மேல ரெண்டு வெரல்.

சூப்பர்வைசர் குனிஞ்சி பாத்தாரு. கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாத்தாரு. அப்பறம் மூள வேல செஞ்சிது. "அண்ணாச்சி உள்ள எறங்குனா தண்ணி ஏறத்தான செய்யும்? எவ்வளவு பெரிய வயிறு!"

அதும் ஞாயம்தான். மாமன எழுப்புனா தண்ணி ஆடும், குந்த வெச்சா வயித்துக் கணக்கு இடிக்கும். நான் சொன்னேன், "சார், தண்ணி ஓடிக்கினுதான கீது? மாமன் வயிறு ஏத்துன தண்ணி இந்நேரம் உங்க கம்பெனிக்குப் போயி சேந்துருக்கும். ஒரு பீடி நேரம் பாருங்க. அப்பவும் எறங்கலன்னா அது வயிறு இல்ல, மோட்டாரு."

பீடி அவருதான் குடிச்சாரு. ரெண்டு வெரல் ரெண்டு வெரலாவே நின்னுச்சி. பீடிய வீசிட்டு, "மோட்டார் வால்வ கொஞ்சங் கொஞ்சமா மூடிக்கிட்டே வாலே"ன்னாரு. நான் சுத்த சுத்த, தண்ணி எறங்கி வந்து கோட்டத் தொட்டுச்சி.

"போதும்ல. அண்ணாச்சி, எந்திரிங்க."

"மாட்டேன். நான் எழுந்தா ஆடும். ஆடுனா நீ கீழன்னு சொல்லி வால்வ தொறப்ப."

"அப்ப அறுப்பு வரைக்கும் இங்கியே குந்திக்கினு இரு மாமா. அத்தைகிட்ட சொல்லி சோறு இங்கியே கொண்டாறேன்."

"நீ வாய மூட்றா நாயே."

வேற வழியில்ல. சூப்பர்வைசரே ஆள் அனுப்பி செங்கல்லு எறக்குனாரு. மாமனுக்குப் பின்னாடி, அவரு முதுவ ஒட்டி, தண்ணி வடிய கல்லுக்குக் கல்லு சந்து வுட்டு ஒரு செவுரு. கொத்தனாரு மாமன் தோள் மேலயே கரண்டிய வெச்சி வெச்சி எடுத்தாரு. மேல் கல்லு வெச்சி முடிக்கிற வரைக்கும் மாமன் அசையல. கையி ரெண்டும் வெளுத்து ஊறிப் போயிடுச்சி. எழுந்து, வேட்டியப் புழிஞ்சி கட்டிக்கினு, எங்க யாரையும் பாக்காம கம்ப மட்டும் பாத்துக்கினு நின்னாரு. தண்ணி கோட்டுலயே இருந்துச்சி.

அப்பறமும் தெனம் காத்தால வருவாரு. திட்டறதுக்கு ஒண்ணும் கெடைக்காது, என்ன ரெண்டு திட்டு திட்டிட்டுப் போவாரு. ஆனி பொறந்தும் அவரு வரும்போது முட்டி வரைக்கும் ஈரச் சேறு இருந்துச்சி. ரெண்டு காணிலயும் எறங்கி நடந்துட்டுதான் வருவாரு. மோட்டார் ரூம்புல நான் கூட்டி வெச்ச தரையெல்லாம் அந்தச் சேத்து அடிதான். அத மட்டும் நான் கூட்டல.