ஹார்லனின் தளர்ந்த பெல்ட்

என் தம்பி ஹார்லன் டெர்ப்ஸ்ட்ரா ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க ஒரு கோடைக்காலம் எடுத்துக்கொள்வான். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஏதாவது ஒரு சனிக்கிழமை எங்கள் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

வாரம் முழுக்கத் தானியக் கிடங்கில் தூசியைத் தின்றுவிட்டு, சனிக்கிழமையானால் புல் வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவான். இவனோ பெரிய உடம்புக்காரன், வண்டியோ சின்னது. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இன்ஜின் முனக ஆரம்பித்ததும் அவன் முகம் இளகிவிடும். கல்லறை வரிசைகளுக்கு நடுவே அவன் போவதும் வருவதுமாக இருப்பான். அறுத்த புல்லின் வாசனை மெல்ல எழும். வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்கொல்லை மேல் வெயில் படுத்துக் கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கே கண் சொக்கும். என் புருஷனும் அந்தக் கல்லறை வரிசையில்தான் படுத்திருக்கிறார். அவருக்கும் அந்தச் சத்தம் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தோட்டத்தின் கிழக்கு ஓரம் மேடு. மேட்டின் உச்சியில் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அலைடா ரூர்டாவின் வீடு. அலைடா பள்ளி பஸ் ஓட்டுகிறவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தாள். சனிக்கிழமைதான் அவளுக்குத் துணி உலர்த்தும் நாள். ஹார்லன் வேலியோரம் வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவான். எங்கள் ஊரில் அதுதான் வணக்கம்.

"மழை வரும்போல" என்பாள் அலைடா.

அதற்குள் வண்டி தாண்டிப் போயிருக்கும். அவன் முழு வட்டம் அடித்துத் திரும்பி வந்து, "வரலாம்" என்பான்.

அடுத்த வட்டத்தில் அவள், "வந்தா நல்லதுதான்." அதற்கடுத்த வட்டத்தில் இவன், "ஆமா." இப்படியே வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்கிற எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

அவன் வண்டியின் டிரைவ் பெல்ட் தளர்ந்து கிடந்தது ஊருக்கே தெரியும். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ரப்பர் பட்டை அது. தளர்ந்தால் கப்பியில் வழுக்கும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது. சமதரையில் சமாளித்துக்கொள்ளும். மேடு ஏறும்போதுதான் தவழும். டிராக்டர் கடை கார்னி பௌமா வாய் சும்மா இருக்காமல், "ஹார்லன், உன்னை ஒரு ஆமை முந்திக்கிட்டுப் போச்சு, பாத்தியா?" என்பான். ஒரு நட்டை நாலு திருகு திருகினால் தீர்ந்துபோகிற வேலை. சோம்பேறி என்று நானும் திட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் உறைத்தது. அந்த பெல்ட் எங்கே வழுக்குகிறது? மேட்டில். மேட்டில் யார் வீடு? அட கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்த ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அலைடா சொன்னாள், வேலையை விட்டுவிட்டாளாம், அரிசோனாவில் இருக்கிற தங்கையோடு போய் இருக்கப் போகிறாளாம். எட்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை காலை தங்கையே கார் கொண்டுவந்து கூட்டிப்போகிறாளாம். ஹார்லன் கையிலிருந்த காபியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"இன்னைக்கே போய்ப் பேசுடா" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"என்ன வேலைன்னு சொல்லிக்கிட்டுப் போறது அக்கா?"

எங்கள் ஆட்கள் இப்படித்தான். கையில் ஒரு வேலை இல்லாமல் அடுத்தவர் வாசல்படி ஏற மாட்டார்கள். சர்க்கரை கடன் கேட்கவாவது போகவேண்டும். இவனுக்கு அதுவும் வராது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால்தான் நாக்கு அசையும். எனவே சனிக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் புல் வெட்டும் சத்தமே கேட்கக்கூடாது, ஓய்வுநாள். வெட்டினால் ஜென்மத்துக்கும் பேச்சு நிற்காது. அப்படியென்றால் அவனுக்கு மிச்சம் அந்த ஒரு சனிக்கிழமைதான்.

வாரம் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. சனிக்கிழமை மதியம்தான் வெளுத்தது. நனைந்த புல்லில் ஹார்லன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். சமதரையில் போயிற்று. மேட்டின் அடிவாரத்தில் பெல்ட் ஓலமிட்டது. வண்டி அரை அடி ஏறி, நின்று, பின்னால் வழுக்கியது. மறுபடி முயன்றான், மறுபடி வழுக்கியது. மேலே கொடியில் வெள்ளைத் துணிகள் ஆடின. இவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தானாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கான உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே உரித்துவைத்துக்கொண்டிருந்தேன். வண்டி ஷெட்டுக்குத் திரும்பும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், தரையில் மல்லாந்து படுத்துக் கைகளை வண்டிக்கடியில் விட்டிருக்கிறான்.

"என்னடா?"

"பெல்ட்டை இறுக்கறேன்."

பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு விரல் கனத்துக்கு அமுங்கவேண்டும். அதற்கு மேல் இறுக்கக்கூடாது. இவன் ஸ்பேனரைப் பிடித்துத் திருகினான். அழுத்திப் பார்த்தான். மேடு ஞாபகம் வந்ததோ என்னவோ, இன்னும் திருகினான். மறுபடியும் திருகினான். பெல்ட் வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது.

"போதும்டா, அறுந்துடப் போகுது" என்றேன்.

"இன்னைக்கு வழுக்கக்கூடாது அக்கா" என்றான்.

மாலை வெயில் சாயும் நேரத்தில் மறுபடி கிளம்பினான். நானும் நீர்க்குவளையோடு போனேன். புருஷன் கல்லறைப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுக்க மழையில் நனைந்த செடி அது, பரவாயில்லை.

வண்டி மேட்டில் ஜம்மென்று ஏறிற்று. வேலியோரம் அலைடா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வெட்டும் கத்தியை அணைத்துவிட்டு, ஹார்லன் கிளட்ச் பெடலை அடியோடு மிதித்தான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் அங்கே நிற்க முயன்றதை நான் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. பெடலை மிதித்தால் பெல்ட் தளர்ந்து பிடியை விடவேண்டும். இறுகிப்போன பெல்ட் எங்கே விடும்? தேய்ந்துபோன பிரேக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, வண்டி நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தது.

"அலைடா! நிக்க மாட்டேங்குது!"

"எது நிக்கல?"

"வண்டி! பெல்ட்டை ரொம்ப இறுக்கிட்டேன்!"

அலைடா கூடையைக் கீழே வைத்தாள். வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நடக்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் அப்படியே சரிவில் இறங்கிப் போனார்கள். மஞ்சள் வெளிச்சம் புல் மேல் நீண்டு கிடந்தது. கல்லறைகளின் நிழல்கள் அவர்கள் மேல் விழுவதும் விலகுவதுமாக இருந்தன. எனக்கு எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது.

என்னைக் கடந்து போகும்போது ஒரு துண்டுப் பேச்சுதான் காதில் விழும். முதல் வட்டத்தில் அலைடா சொல்லிக்கொண்டு போனாள்: "அங்க புல்லே கிடையாதாம். முற்றத்துல கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்களாம்."

அடுத்த வட்டத்தில் என் தம்பி, "கல்லை என்னத்தை வெட்டறது?" என்றான். நான் சிரிப்பை அடக்கக் குவளையைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். சாவி அவன் வலது முழங்காலுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. திருப்பினால் இன்ஜின் அணைந்துவிடும், வண்டி நின்றுவிடும். அது அவனுக்குத் தெரியாதா? பஸ் ஓட்டுகிற அவளுக்குத் தெரியாதா? இரண்டு பேரும் அந்தச் சாவியைப் பார்க்காமல் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

சூரியன் சோளத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அந்த வட்டத்தில், சரியாக என் முன்னால், ஹார்லன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க போயிட்டா, நான் யாரைப் பாக்க இந்த மேடு ஏறுவேன்?"

தன் வீட்டு வேலிக்கதவு வந்ததும் அலைடா வண்டியை உள்ளே திருப்பச் சொன்னாள். மேப்பிள் மரத்தடிக்குப் போனதும் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். எங்கும் அமைதி.

"இறங்குங்க ஹார்லன். உட்கார்ந்துக்கிட்டே சொல்லிட்டுப் போற பேச்சா இது?"

அவன் இருட்டிய பிறகு நடந்து வீட்டுக்கு வந்தான். "என்னடா சொன்னா?" என்று வாசலிலேயே மறித்தேன்.

"யோசிக்கணும்னாங்க."

"வண்டி எங்கே?"

அவன் முகம் வெளிறிப்போனது. வண்டி மரத்தடியிலேயே நிற்கிறது. அலைடாவின் வீடு சர்ச்சுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ஞாயிறு காலை ஊரே அந்த வழியாகத்தான் போகும். கல்யாணமாகாத பெண் வீட்டு முற்றத்தில் ஹார்லன் டெர்ப்ஸ்ட்ராவின் வண்டி, அதுவும் ஓய்வுநாளில். எங்கள் ஊருக்கு இது போதும். அவள் போய்விட்டாலும் பேச்சு இங்கே நிற்கும், போகாவிட்டால் அவள் தலையில் விடியும்.

பொழுது புலரும்போதே கிளம்பினோம். இன்ஜினைக் கிளப்பாமல், கியரை விடுவித்துக் கையால் தள்ளிக்கொண்டு வந்துவிடுவது என்று ஏற்பாடு. தள்ளுவது பாவத்தில் சேராது என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தான். பனியில் நனைந்த சீட்டைத் துடைத்துவிட்டு அவன் குனிந்து தோளைக் கொடுத்தான், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

கதவு திறந்தது. அலைடா சர்ச்சுக்குப் போகும் நீல உடுப்பில் படியிறங்கி வந்தாள்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துடறோம்" என்றான் ஹார்லன். "உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடக்கூடாது."

அலைடா வண்டியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். பிறகு என் தம்பியின் தோளைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"இருக்கட்டும், ஹார்லன்" என்றாள். "எல்லாரும் பாக்கட்டும்."