எல்லா மாடிக்கும் ஒரே டிரைவர்

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. நாலு மாடிக்கும் அவள் 'பிரிண்டரக்கா'தான். வேலையில் சேர்ந்த புதிதில் அவளுடைய அத்தை, "எங்க பொண்ணு டிரைவர் வேலை பாக்குறா" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் அளந்துவிட்டாள். "என்ன வண்டி ஓட்டுறா?" என்று விசாரித்த வரன் ஒன்று வந்த வழியே திரும்பிப் போனது. வீடே வயிறு வலிக்கச் சிரித்தது. அப்போது வீட்டில் சிரிக்க ஆட்கள் இருந்தார்கள். அம்மாவும் போன பிறகு அவளும் ஒரு குக்கரும்தான் மிச்சம்.

அவள் அறை கீழ்த்தளத்தில். கணினி பேசுவது பிரிண்டருக்குப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் மென்பொருள்தான் டிரைவர்; அதைப் பொருத்திப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அதிலும் ரகம் உண்டு. கணக்குப் பிரிவுக்கு பிசிஎல்: சுருக்கமாகச் சொல்லிவிட்டு மிச்சத்தை இயந்திரத்திடமே விட்டுவிடும், பில்கள் மளமளவென்று விழும். வரைபடப் பிரிவுக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட்: கொஞ்சம் நிதானம், ஆனால் மயிரிழைக் கோடுகூடப் பிசகாது. வரவேற்பில் இருந்த மலிவுப் பிரிண்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. பக்கம் முழுவதையும் கணினியே வரைந்து ஊட்டிவிட வேண்டும். அதற்குத் தனி டிரைவர். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அமுக்கிவிட்டால் காகிதமெல்லாம் கிறுக்கல்.

"அக்கா, கொஞ்சம் மேல வாங்களேன்!"

போன் வந்ததும் போவாள். சரிசெய்து முடிப்பதற்குள் ஒரு டீ வரும். யார் குழந்தைக்குப் பல் விழுந்தது, யார் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், எல்லாம் காதில் விழும்.

புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் கூப்பிட்டார். "எதுக்கும்மா இத்தனை டிரைவர்? எல்லாத்துக்கும் பொதுவா யுனிவர்சல்னு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு சார். நீ யாருன்னு பிரிண்டர்கிட்டயே கேட்டு, அதுக்குத் தக்கபடி மாத்திக்கும். வரைபடத்துக்கு மட்டும் போஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கட்டும். ரிசப்ஷன்ல இருக்கற குட்டி மெஷினுக்கு யுனிவர்சல் ஒத்து வராது, வேற வைக்கணும்."

"அப்படியே செஞ்சிடுங்க."

மேசை மேசையாக உட்கார்ந்து பழையதை நீக்கிப் புதியதைப் போட்டாள். அரைகுறையாய்ச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. அதன்பின் கோளாறு என்ற பேச்சே எழவில்லை. மேலாளர் பாராட்டினார். போன்தான் வாயே திறக்கவில்லை. ரிசீவரை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். இருந்தது.

ஒரு மதியம் பொறுக்கமாட்டாமல் சாப்பாட்டு டப்பாவோடு கணக்குப் பிரிவுக்கு ஏறினாள். நாலைந்து பேர் வட்டமாய் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் காசாளர் பெண் பதறி எழுந்தாள்.

"என்னக்கா, பிரிண்டர்ல ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா..." டப்பா தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. "சும்மா, செக் பண்ணிட்டுப் போலாம்னு."

நன்றாக இருந்த பிரிண்டரில் ஒரு சோதனைப் பக்கம் எடுத்தாள். பிசிறில்லாமல் வந்தது. "சூப்பர்க்கா!" என்றுவிட்டு அவர்கள் விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். அவள் கீழே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

மறுநாளும் ஏறினாள். காசாளர் வாயைத் திறப்பதற்குள், "பிரிண்டர் பாக்க வரலம்மா. சாப்பிட வந்தேன்" என்றாள்.

யாரோ நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்கள். அவர்கள் அவளுக்குத் தெரியாத ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று பிடிபடாமல், எல்லாரும் சிரித்த பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.