மூன்று நிமிடம் முந்திய பாங்கு

“எந்தப் புகாரி?”

மரணச் செய்தி சொல்ல எடுத்தவர் தொலைபேசியின் மறுமுனையில் அழுதுகொண்டிருக்கிறார். முனவ்வறா அவசரப்படுவதில்லை.

“அரிசிமில் றோட்டுப் புகாரிதான் ராத்தா.”

“அந்த றோட்டில ரெண்டு புகாரி இருக்காங்க தம்பி. ஆட்டோ ஓடினவரா, வட்டவிதானையா இருந்தவரா?”

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட வட்டவிதானை என்று தெரிந்த பிறகு, தகப்பன் பெயர், பிள்ளைகள் எத்தனை, எந்தப் பள்ளியில் எத்தனை மணிக்குத் தொழுகை, எந்த மையவாடியில் அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறார். பிறகு பக்கத்து வீட்டாருக்கும் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாருக்கும் எடுத்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்கிறார். மூன்று பேரின் பதிலும் ஒத்துவந்தால்தான் மரண அறிவித்தல் ரீவித் திரைக்குப் போகும். அவர் வேலைக்கு வருவதற்கு முன் ஒரு தடவை, உயிரோடிருந்த ஒருவருக்கு ஜனாஸா அறிவித்தல் போய்விட்டதாம். அன்று பின்னேரமே அந்த மனிதர் படியேறி வந்து, “மௌத்தான ஆள் நான்தான், தேத்தண்ணி ஒண்டு கிடைக்குமா?” என்று கேட்டதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. முனவ்வறா அதற்குச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

‘அலையொளி’ கேபிள் ரீவி சாய்ந்தமருதில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில், இரண்டரை அறையில் நடக்கிறது. பகல் முழுக்கப் பாண் வாசம். சுனாமி வந்து இரண்டு வருடம் கழித்து, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த சரீப் ஹாஜியார் ஒரே ஒரு கமராவோடு தொடங்கிய நிலையம். அந்த நாளில் ஊரே உட்கார்ந்து பார்த்த நிகழ்ச்சி, வீட்டுத்திட்டத்துக்குத் தெரிவானவர்களின் பெயர்ப்பட்டியல். பெயர்கள் கீழிருந்து மேலே ஊர்ந்துபோக, சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பார்த்தார்கள். சாப்பிட மறந்தார்கள்.

இப்போதெல்லாம் காலையில் குர்ஆன் கிறாஅத், பிறகு கடற்கரையிலிருந்து மீன் விலை, பத்து மணிக்குப் புலமைப்பரிசில் வகுப்பு, பன்னிரண்டரைக்கு ஜனாஸா அறிவித்தல், பின்னேரம் மென்பந்துக் கிரிக்கெட். மாரி காலத்தில் மாவடிப்பள்ளிப் பாதையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது மணிக்கொரு தடவை. தொலைந்த அடையாள அட்டைக்கும் தொலைந்த ஆட்டுக்கும் ஒரே நீளத்தில் இடம் உண்டு. இவற்றை எழுதுவதும் அடுக்குவதும் முனவ்வறாதான். நியமனக் கடிதத்தில் ‘எழுதுவினைஞர்’ என்று இருக்கிறது. கணினியில் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்த அவருக்கு யாரும் படிப்பித்ததில்லை. பிழைவிட்டு, அந்தப் பிழையைக் கொப்பியில் எழுதிவைத்து, மறுபடி அதை விடாமல் பழகியது.

வருடத்தில் ஒரு மாதம் மட்டும் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் அலையொளியைப் பார்க்கும். நோன்பு மாதம். பின்னேர அஸர்த் தொழுகைக்குப் பிறகு கிறாஅத், துஆ, ஒரு விளம்பரம், அதன் வால் முடிகிற விநாடியில், சூரியன் மறைந்து நோன்பு துறக்க அழைக்கும் மஃரிப் பாங்கு. பாங்கின் முதல் சொல்லுக்கு ஆயிரக்கணக்கான கைகள் ஈத்தம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோகும்.

இந்த வருடம் பதினெட்டாம் நோன்பன்று, ஒரு புடைவைக் கடையின் பெருநாள் விளம்பரம் ஐந்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. மூன்று நிமிட விளம்பரம். முனவ்வறா முதல் பத்து விநாடியைப் போட்டுப் பார்த்தார், நன்றாக இருந்தது, வரிசையில் சேர்த்தார். முழுவதையும் பார்க்கவில்லை. பத்தாவது விநாடிக்குப் பிறகு அந்த விளம்பரம் பழுதாகியிருந்தது. கணினி அதைத் தாண்டி அடுத்ததற்குப் போனது. அடுத்தது பாங்கு.

பக்கத்து அறையில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த முனவ்வறாவுக்குத் தன் கணினியின் பாங்கு கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் ஆறு பன்னிரண்டு. அன்று மஃரிப் நேரம் ஆறு பதினைந்து. அகப்பையோடு ஓடிவந்து நிறுத்தினார். அதற்குள் ஊர் விழுங்கிவிட்டது.

“கரண்ட் பிரச்சின எண்டு ஆக்கள் நினைச்சிருப்பாங்க,” என்றார் சரீப் ஹாஜியார். “மூண்டு நிமிஷம்தானே புள்ள. விடுங்க.”

முனவ்வறா விடவில்லை. தனக்குத் தெரிந்த மௌலவிக்கு எடுத்தார். சூரியன் மறையுமுன் துறந்த நோன்பு நோன்பாகாது, பெருநாள் கழித்து அதற்கு ஈடாக ஒரு நாள் கழாப் பிடிக்க வேண்டும் என்றார் அவர். “தெரியாமத் துறந்தவங்கட மேல குத்தமில்ல. தெரிஞ்சவங்க சொல்லாம இருந்தா, அது வேற கதை.”

அடுத்த நாள் காலையில் அறிவித்தல் ஒன்றை எழுதி ஹாஜியாரின் மேசையில் வைத்தார். ஹாஜியார் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இதப் போட்டா பேஸ்புக்கில ஊரே சிரிக்கும். இனி ஒருத்தன் நம்மட பாங்குக்கு நோன்பு துறப்பானா?”

“போடாட்டி நானே துறக்க மாட்டன் ஹாஜியார்.”

“நீங்க வந்து பதினாறு வருஷமா பாங்கில ஒரு பிழை வரல்ல. ஒண்டு வந்தா ஒளிக்கக் கூடாதா?”

“என்ட பிழைய ஒளிச்சுட்டுப் போகலாம். அவங்கட நோன்ப எங்க ஒளிக்கிற?”

ஹாஜியார் ளுஹர்த் தொழுகைக்கு முகம் கைகால் கழுவி வுழூச் செய்யப் பள்ளிக்கு இறங்கிப்போனார். அறிவித்தல்களை வாசிக்கிற றிபாஸ் நிலத்தைப் பார்த்தான். “ராத்தா, ஹாஜியார் வேணாமெண்டா என்னால வாசிக்க ஏலா. புள்ள குட்டிக்காரன் நான்.”

“நீ வாசிக்க வேணாம். அந்தக் கதிரைய மட்டும் தா.”

இத்தனை வருடத்தில் முனவ்வறாவின் குரல் ஒரு தடவையும் ஒளிபரப்பில் போனதில்லை. “தகரத்தில மழை பெஞ்ச மாதிரிக் குரல்,” என்று அவரே சொல்லிக்கொள்வார். பன்னிரண்டரை மணிக்கு, ஊரில் ஒருவரும் தவறவிடாத நேரத்தில், மைக்கின் முன்னால் இருந்தார். முதலில் அன்றைய ஜனாஸாக்கள் இரண்டையும் பிசகில்லாமல் வாசித்தார். பிறகு, கடதாசி இல்லாமல்:

“நேற்று மஃரிப் பாங்கு எங்கள் நிலையத்தில் மூன்று நிமிடம் முந்தி ஒலித்துவிட்டது. அதைக் கேட்டு நோன்பு துறந்தவர்கள் அந்த நோன்பைக் கழாச் செய்ய வேண்டும். விளம்பரத்தை முழுதாகப் பார்க்காமல் சேர்த்தது என் பிழை. என் பெயர் முனவ்வறா.”

அதையே இன்னொரு தடவை சொன்னார். ஜனாஸா அறிவித்தல்களை இரண்டு தடவை வாசிப்பதுதான் அலையொளியின் முறை.

மைக்கை நிறுத்துவதற்குள் தொலைபேசி அடித்தது.

“ஒரு முழு நோன்பும் பிடிக்கணுமா புள்ள?”

“ஓம் உம்மா, முழு நோன்புதான்.”

“நான் ஈத்தம்பழத்தத் துப்பிட்டன் கா.”

“ஒண்டும் விழுங்கல்லயா?”

“சாறு கொஞ்சம் போயிருக்கும்.”

“அப்ப பிடிங்க உம்மா.”

அடுத்து எடுத்த ஆண் கழாவைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. “கண் என்ன, பிடரியிலயா இருந்திச்சு?”

“ஓம் காக்கா. அந்த நேரம் பிடரியிலதான் இருந்திச்சு. வீட்டில எல்லாருக்கும் சொல்லிருங்க.”

மூன்றாவது, நான்காவது. ஒவ்வொருவரிடமும் வீட்டில் எத்தனை பேர், எல்லாருக்கும் தெரியுமா என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்தார். வாசலில் சரீப் ஹாஜியார் நின்றார். பள்ளிக்குள் அவருக்கு முன்னரே செய்தி போயிருந்தது போலும்; தொப்பியைக் கையில் பிடித்திருந்தார், முகத்தில் நீர் காயவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அவருடைய மேசையில் இருந்த மற்றத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முனவ்வறா தன் காதிலிருந்த ரிசீவரைத் தோளால் இடுக்கிக்கொண்டு, “ஓம் ராத்தா, கழாதான்,” என்று சொல்லியபடியே எட்டி அதை எடுத்து, அவரிடம் நீட்டினார்.