மூன்று பேர் படம்

செத்துப்போனவர்களுக்குச் சட்டை மாற்றிவிடுவதுதான் பத்து வருடம் என் பிழைப்பு. உடம்புக்கு இல்லை, படத்துக்கு. மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தோம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு எல்லாம் அவர் போய் எடுப்பார். கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டுவது நான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே யாராவது மஞ்சப்பையோடு நிற்பார்கள். பைக்குள் ஒரு கசங்கிய படம் இருக்கும். கருமாதிக்குள் அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொடுக்க வேண்டும். பின்னால் தெரிகிற மாட்டுக்கொட்டகையை எடுத்துவிட்டு நீல வானம் வைக்க வேண்டும். வெற்று மேலோடு நிற்கிற ஆளுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட வேண்டும். ஆண்களுக்கு எல்லோருமே வெள்ளைச் சட்டைதான் கேட்பார்கள். மாலை போடுகிற படம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊரில் யார் சொல்லி வைத்தார்களோ தெரியாது.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எந்த சாஃப்ட்வேரை வைத்துக்கொள்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை நடந்தது. அவர் எங்கிருந்தோ ஒரு சிடி கொண்டு வந்தார். அதில் எல்லாம் அடுக்கு அடுக்காக இருக்கும். படத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து அதில் வரைவது மாதிரி, நாம் என்ன செய்தாலும் அடியில் பழைய படம் அப்படியே கிடக்கும். நல்லதுதான். ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. ஒரு சட்டைக்குக் கலர் மாற்றச் சொன்னால் மணல்கடிகாரத்தைக் காட்டிவிட்டு அசையாமல் நிற்கும். எனக்கு மண்டை காய்ந்துவிடும். நான் சொன்னது ஸ்கேனரோடு இலவசமாக வந்த சாஃப்ட்வேர். அதில் நாலே நாலு பட்டன். ஒன்று பின்னணியை மாற்ற, ஒன்று கலரை மாற்ற, ஒன்று முகத்தைச் சுத்தம் செய்ய, ஒன்று சேமிக்க. அடுக்காவது ஒன்றாவது, எல்லாம் ஒரே படமாக ஒட்டிக்கொண்டுவிடும்.

சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று எங்கள் கல்யாணப் படத்தையே எடுத்துக்கொண்டோம். மண்டபத்து ஜனத்தை நீக்கிவிட்டு என் அரக்குச் சேலையைப் பச்சையாக்க வேண்டும். அவருடையதில் மத்தியானம் முழுக்கப் போயிற்று. என்னுடையதில் டீ ஆறுவதற்குள் முடித்தேன். அதோடு விடாமல் அவர் முகத்தையும் நாலு சுற்று வெளுப்பாக்கி, மூக்கில் இருந்த அம்மைத் தழும்பையும் எடுத்துவிட்டு, பொண்ணு பார்க்க வந்தப்ப இப்படி இருந்திருக்கலாமில்ல என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய படம் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"ஒரிஜினல்தான் அவங்கவங்க கையில இருக்குமே. நம்ம எதுக்கு வச்சுக்கிட்டு அழுகணும்?" என்றேன்.

 படம் கொண்டு வருகிறவர்கள் போகும்போது படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டுதானே போகிறார்கள். கம்ப்யூட்டரில் உட்காருவது நான், அதனால் நான் சொன்னதுதான் நிலைத்தது. அப்போது எனக்கு இருந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே கோபம் வருகிறது.

அடுத்த வருடம் சித்திரை வெயிலில், கொட்டாம்பட்டிக்கு உள்ளே இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கூட அவருடைய தம்பி. அந்த அம்மாவின் மகன், பத்தொன்பது வயது, பைக்கில் போகும்போது திருச்சி ரோட்டில் லாரியில் மோதி இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மஞ்சப்பைக்குள்ளிருந்து தம்பிதான் படத்தை எடுத்தார். அதை மேசையில் வைத்ததும் நானும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். படத்தில் மூன்று பையன்கள் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து படம் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் மூன்றில் ஒருவர் உயிருக்கு ஆகாது என்பார்கள். மூன்று பேராக வந்து நின்றால் என் வீட்டுக்காரரே நாலாவதாக ஒரு குழந்தையையாவது பிடித்து மடியில் உட்கார வைத்துவிடுவார், இல்லையென்றால் ஒரு பொம்மையைக் கையில் கொடுப்பார். இந்தப் பையன்கள் யாருடைய கேமராவையோ வாங்கிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போய், தாமரைக்குளத்துக்கு முன்னால் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பின்னால் சமணர் மலை. நடுவில் நின்றவன்தான் செத்தவன். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மற்ற இரண்டு பையன்களின் வீட்டிலும் அவர்களிடம் இருந்த பிரதிகளை எரித்துவிட்டார்கள், பிலிம் சுருளையும்கூட. இடது பக்கம் நின்றவனுக்கு எழவு வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து காய்ச்சல் விடவில்லை. அவன் அம்மா வந்து இந்த அம்மாவின் வாசலில் விழுந்து, உன்னிடம் இருப்பதையும் எரித்துவிடு, என் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று அழுதிருக்கிறாள். ஆனால் இவரிடம் மகனுடைய படம் வேறு கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குழந்தையில் எடுத்த ஒன்றும் மழையில் கூரை ஒழுகிப் போய்விட்டது. ஊர்ப்பக்கத்து ஸ்டுடியோவில் மூன்று பேர் படமென்றதும் கை வைக்க மறுத்துவிட்டார்களாம். மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு எரித்துவிடலாம் என்று தம்பிதான் அக்காவைக் கூட்டி வந்திருக்கிறார்.

நான் ஸ்கேனரில் வைத்து மூடினேன். வெளிச்சம் ஓடி முடிந்ததும் ஸ்கிரீனில் மூன்று பேரும் வந்தார்கள். தம்பி எட்டிப் பார்த்தார்.

"ஏறிருச்சாம்மா?"

"ஏறிருச்சுண்ணே. இனிமே அழியாது" என்றேன்.

அவர் தீப்பெட்டி கேட்டார். என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். தம்பி படத்தைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு பெயின்ட் டப்பா மூடியில் வைத்து எரித்தார். போட்டோத் தாள் சீக்கிரம் எரியாது, சுருண்டு சுருண்டு நாறும். அந்த நாற்றம் கடைக்குள் வந்தது. அந்த அம்மா பின்பக்கம் போகவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, அவன் அவனாட்டமே வருவான்ல?"

"வருவாரும்மா. நல்லாவே வருவாரு."

அந்த 'நல்லாவே'தான் என் தொழில். அவர்கள் பஸ் ஏறியதும் உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்துப் பையன்களையும் நீக்கினேன். மலையையும் குளத்தையும் எடுத்துவிட்டு நீல வானம் வைத்தேன். சட்டையை வெள்ளையாக்கினேன். முகத்தைச் சுத்தம் செய்கிற பட்டனை எப்போதும் போலத் தட்டினேன், கறுப்பைக் கொஞ்சம் குறைத்தேன். சேமிக்கும்போது ஒரு பெட்டி வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்கும். பழையதன் மேலேயே எழுதிவிடவா என்று கேட்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் சரி என்றே தட்டிப் பழகியிருந்தேன். இதற்கும் தட்டினேன். ஒரிஜினல் இப்போதுதான் என் கடைக்குப் பின்னால் எரிந்தது என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவே இல்லை. அந்தப் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அந்த அம்மா தனியாக வந்தார். கண்ணாடி போட்ட படத்தைத் துணியால் துடைத்துக் கையில் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வைத்தேன். அழவில்லை. இடது புருவத்துக்கு மேல் கண்ணாடியை விரலால் தேய்த்தார், அழுக்கு ஒட்டியிருப்பது போல.

"இங்கன ஒரு வெட்டு இருக்கும்" என்றார்.

நடக்கப் பழகுகிற வயதில், இவர் அரிவாள்மணையில் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது ஓடி வந்து விழுந்திருக்கிறான். புருஷன்காரர் அன்றைக்கு இவரை அடித்த அடியில் ஒரு காது கேட்காமல் போனதாம். அந்த வெட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனை வளர்த்தேன் என்றார். குரல் உயரவில்லை. குறை சொல்கிற மாதிரியும் இல்லை. விடுபட்டதை எடுத்துக் கொடுக்கிற மாதிரித்தான் சொன்னார்.

அதற்கென்ன, பழைய படத்தைத் திறந்து மறுபடியும் போட்டுத் தருகிறேன் என்று கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தேன். திறந்தேன். நீல வானத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு வெளுத்த முகம் வந்தது. வேறு எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எங்கேயும் இல்லை.  என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.  அன்றைக்கே சொன்னேனே என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டை வரைந்துவிடலாம் என்று நினைத்தேன். மவுஸைப் பிடித்து இடது புருவத்தின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னும் மேலே என்றார். மேலே இழுத்தேன். இம்புட்டு நீளம் இல்லை என்றார். குறைத்தேன். லேசாக வளைந்திருக்கும் என்றார். வளைத்தேன். அப்போது ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, முதலில் போட்டதுதான் சரியோ என்றார். முதலில் போட்டது எப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. இன்னொன்று போட்டேன். ஆறோ ஏழோ போட்டிருப்பேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் குழம்பியது. கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டு எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியலையே ஆத்தா. வந்தப்பத் தெரிஞ்சுச்சே."

அப்போதுதான் சொன்னேன். பழைய படம் இல்லை, அதன் மேலேயே அழித்து எழுதிவிட்டேன், என் தப்புதான் என்று சொன்னேன். அழுதது நான்தான். அவருக்குக் கம்ப்யூட்டரில் ஏறியது எப்படி இல்லாமல் போகும் என்று புரியவில்லை. நான் ஏதோ சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அழாதே என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். சட்டை என்ன கலரில் இருந்தது என்று கேட்டார். அவன் அதை யாரிடம் வாங்கிப் போட்டிருந்தானோ, அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லையாம். எனக்கு அந்தச் சட்டை நினைவில் இல்லை. என் கையால்தான் வெள்ளையாக்கினேன், ஆனால் எந்தக் கலரிலிருந்து என்று நினைவில் இல்லை. வெட்டு இல்லாத படத்தையே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்றைக்கே என் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டுக்காரருடைய சிடியைப் போடச் சொன்னேன். மணல்கடிகாரம் நின்றால் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டேன். ஸ்கேன் செய்த படத்தை மூன்று இடத்தில் வைத்தேன். அதனால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை, அது எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து அதே ஊரில் ஒரு காதுகுத்துக்கு ஆர்டர் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் கூடப் போனேன். பந்தியில் அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு, வீட்டுக்கு வந்துட்டுப் போ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரே அறை. சுவரில் என்னுடைய நீல வானம் தொங்கியது. படத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். இடது புருவத்துக்கு மேல், கண்ணாடியில், மையால் ஒரு சின்னக் கோடு.

நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார். வெள்ளிக்கு வெள்ளி கண்ணாடியைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது அந்த வெட்டையும் போடுவாராம். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு இடத்தில் வந்துவிடுகிறதாம்.

"அவன் முகத்தக் கடைசியாப் பாத்தது நீதான ஆத்தா. இன்னைக்குப் போட்டது சரியா இருக்கா, பாரு."

சரியாக இருக்கிறது என்றேன்.