ஆல்வின் பற்றவைத்த கப்பல்

மம்சாபுரம் ஆல்வின் ராஜபாளையத்துப் பட்டறை ஒன்றில் கேட், கிரில் பற்றவைத்துக்கொண்டிருந்தவன். இருபத்து மூன்று வயதில் குஜராத் கடற்கரையில் கப்பல் கட்டும் தளமொன்றில் வெல்டராகச் சேர்ந்தான். பதினான்கு மாதம் ஒரு சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்து வேலை செய்தான். 2010இல் அது தண்ணீரில் இறங்கியது. நிலக்கரி சுமந்தது, அரிசி சுமந்தது. முதலாளி மாற மாற அதன் பெயரும் மூன்று முறை மாறியது.

2024இல், கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் அவனை ஃபிட்டராக ஒரு கப்பலுக்கு அனுப்பினார்கள். முகப்பிலிருந்த பழைய பித்தளைத் தகட்டைப் படித்த பிறகுதான் அது தான் கட்டிய கப்பல் என்று தெரிந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. கோதுமை மூட்டைகளோடு செங்கடல் வழியாகப் போகிறோம் என்றார் கேப்டன். அங்கே சண்டை. போகிற வருகிற கப்பல்களையெல்லாம் கரையிலிருந்த கிளர்ச்சிக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி பாண்டிசெல்விக்கு ஃபோன் போட்டான்.

"டிவில காட்டுதான். இறங்கி வந்திருங்க."

"நடுக்கடல்ல எங்கட்டி இறங்க?"

அதன்பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டபடியே படுத்தான். கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஆளில்லாத படகு ஒன்று பின்பக்கம் மோதி வெடித்தது. என்ஜின் அறையில் விளக்கு போனது. முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியது. ஆல்வின் ஏணியைப் பிடித்து நாலு படி ஓடிவிட்டான். கீழே தூத்துக்குடிக்காரன் விமல் அலறினான்.

"அண்ணே, காலு மாட்டிக்கிட்டு! விட்டுட்டுப் போயிராதீய!"

போய்விடத்தான் நினைத்தான். அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. அழுதுகொண்டே இறங்கி, சரிந்த கம்பித் தட்டைத் தோளால் நெம்பினான். மேலே தீ எரிந்தது; இறங்கி வந்த ஏணியில் திரும்ப ஏற முடியவில்லை. பின்சுவரை ஒட்டி ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய அவசரக் குழல் ஒன்று உண்டு. அதன் படிகளைப் பற்றவைத்தவன் அவன்தான். இருட்டில் சுவரைத் தடவிக் கதவைக் கண்டுபிடித்து, விமலை முன்னால் ஏற்றினான்.

"ஏறுலே! நிக்காத!"

உயிர்காப்புப் படகில் ஐந்து மணி நேரம். பிறகு ஒரு போர்க்கப்பல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. மறுநாள் அவர்கள் கப்பல் மூழ்கியது. ஆல்வின் அதைப் பார்க்க மேல்தளத்துக்குப் போகவில்லை.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை. முதல் வாரம் பாய்லருக்குள் இறங்கச் சொன்னார்கள். பாதியிலேயே பயந்து வெளியே ஏறி வந்துவிட்டான். மேஸ்திரி மலைச்சாமி அவனை வெளிவேலைக்கு மாற்றிவிட்டார்.

போன மாதம் ஏஜென்சியிலிருந்து ஃபோன் வந்தது. பாண்டிசெல்விதான் எடுத்தாள்.

"அவிய இனி கப்பலுக்கு வரமாட்டாவ."

அவள் ஃபோனை வைக்கும்வரை ஆல்வின் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.