தொடக்கூடாத இழை

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். இன்டர்மீடியட் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், சேலத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டிருந்தேன். அப்படித்தான் அந்த ஓவியர் பழக்கமானார். பட்டணத்தில் சித்திரம் படித்தவர். கடைவீதிக்குப் பின்னால் ஒரு மண்டபத்தை ஒரே ஒரு நாளைக்குப் பிடித்து, தான் மட்டும் தனியாகக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் ஒரு படம்கூட இல்லை! தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், உடைந்த வளையல்களைக் கோத்த சரம், அடுப்புச் சாம்பல் நிரப்பிய கொட்டாங்கச்சி. "தினமும் கையில புழங்குற சாமானுக்குள்ள என்னென்னவோ ஒளிஞ்சு கெடக்குது. நின்னு பாத்தாத் தெரியும்" என்பார். என்ன ஒளிந்திருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

நடுவில் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய பாவு. தறியில் ஏற்றுவதற்கு நெசவாளர்கள் நீளமாக நீட்டிக் கட்டுவார்களே, அந்த நூல். நூலுக்கு அடிதடி நடந்த காலத்தில் எங்கே பிடித்தாரோ! வெள்ளை வெளேரென்ற அந்தப் பாவில் ஒரே ஓர் இழையை அவரே அறுத்துத் தொங்கவிட்டிருந்தார். 'தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் அட்டை எழுதி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மாட்டியது நான்தான்.

அவருக்கு ராசிபுரத்தில் ஓர் அண்ணன், தறி நெய்கிறவர். தம்பி தறியை விட்டுவிட்டுப் பட்டணம் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கண்காட்சிக்கு வரும்படி ஓவியர் அண்ணனுக்கு ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். காலையிலிருந்து வாசலில் நிழல் விழும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வந்தவர்கள் கேலி பேசினார்கள். "எங்கூட்டு மொறம் இதைவிட ஓட்டைங்க. கொண்டாந்தா மாட்டுவீங்களா?" என்றார் ஒருத்தர். ஓவியர் சிரித்தார். ஆனால் கண் வாசலில்தான் இருந்தது.

மத்தியானம் அவரை வற்புறுத்திச் சாப்பிட அனுப்பினேன். அந்த நேரத்தில், தோளில் சிவப்புத் துண்டு போட்ட ஒருவர் வந்தார். நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாவுக்கு முன்னால் நின்றார். நின்றவர், கொட்டாங்கச்சியிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து, நூல் வழுக்காமலிருக்க விரலில் தேய்த்துக்கொண்டு, தொங்கிய இழையைப் பிடித்தார்.

"ஐயையோ, தொடாதீங்க! அட்டையைப் பாக்கலீங்களா?"

"பாத்தனுங்க தம்பி. அறுந்து கெடக்குதே, பாத்துட்டு எப்புடிங்க சும்மா போறது? கை நிக்க மாட்டேங்குது."

"வேணும்னே அறுத்ததுங்க அது. அதுக்கு ஓர் அர்த்தம் இருக்கு!"

"என்ன அர்த்தமுங்க?"

மாட்டிக்கொண்டேன். யுத்தம், உலக சமாதானம், மனித குலம் என்று வாய்க்கு வந்ததை அளந்தேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே, நீளம் பற்றாத இடத்துக்குத் தன் துண்டின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, நடுவில் வைத்து முறுக்கிச் சேர்த்துவிட்டார்.

"இதைச் செஞ்சவரு எங்கீங்க?"

"சாப்பிடப் போயிருக்கார்."

"நேரத்துக்குச் சாப்புடறாருங்களா?"

"எங்கே, நான் துரத்தினால்தான்!"

"ம்... பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேனுங்க" என்று போய்விட்டார்.

ஓவியர் திரும்பியதும் பதறிப்போய்ப் புகார் சொன்னேன். வெள்ளைக்கு நடுவே விரற்கடை நீளம் சிவப்பு. அதையே பார்த்துக்கொண்டு, "என்ன பேசினாரு?" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதைச் சொன்னதுதான் தாமதம், செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

நல்ல வேளை, ராசிபுரம் பஸ், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ். பின்னால் ஓர் ஆள் கரியடுப்பைக் கிளறி ஊதிக்கொண்டிருந்தான். வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஓவியர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஏன்டா, இந்த வெய்யில்ல செருப்பில்லாம ஓடியாரே?"

"நீங்க ஏண்ணா சொல்லாமப் போறீங்க?"

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

மண்டபத்துக்கு வந்ததும் ஓவியர் முதல் வேலையாகப் பாவின் பக்கத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "சாயங்காலம் ஆள் வருமே, சார். மறுபடி அறுத்துவிடட்டுமா?" என்றேன். அண்ணனும் தம்பியும் என்னைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

இன்றும் எதையாவது பார்த்ததும் அவசரமாக அர்த்தம் சொல்ல நாக்குத் துறுதுறுக்கும்போது, வெள்ளைப் பாவுக்கு நடுவே அந்தச் சிவப்பு இழை ஞாபகம் வருகிறது. வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன்.